மேட்ச் மும்பையில், பதற்றம் பாக் நீரிணையில்: விளையாட்டில் தேசப்பற்று எப்போது சேர்க்கும்? எப்போது பிரிக்கும்?

2011 ஏப்ரல் 2. மும்பை வான்கடே மைதானம். இலங்கை வைத்த 275 ரன் இலக்கை விரட்டிய இந்தியா, 49-வது ஓவரில் தோனி அடித்த சிக்ஸரோடு உலகக்கோப்பையைக் கைப்பற்றியது. 28 வருஷக் காத்திருப்பு முடிந்தது. 'கப் அடிச்சாச்சு' என்று தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் பட்டாசு வெடித்தது.

அதே நாளில் ராமேஸ்வரத்திலிருந்து கடலுக்குப் போன 4 மீனவர்கள் கரை திரும்பவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவர்களது உடல்கள்தான் கரை ஒதுங்கின. உலகக்கோப்பையில் தோற்ற ஆத்திரத்தில் இலங்கை கடற்படை கொன்றுவிட்டது என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் எழுந்தது. இலங்கை கடற்படை இதை மறுத்தது.

ஒரு கிரிக்கெட் மேட்ச்சுக்காக மீனவரைக் கொல்வார்களா? வெளியூர்க்காரர்களுக்கு நம்ப முடியாத கேள்வியாகத் தெரியலாம். நாகப்பட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள கடற்கரையில் அந்தக் குற்றச்சாட்டு ஏன் எடுபட்டது? விளையாட்டில் தேசப்பற்று எப்போது மக்களைச் சேர்க்கிறது, எப்போது ஆபத்தாகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

2011-ல் நாகை கடற்கரையில் என்ன நிலைமை?

உலகக்கோப்பை தொடங்குவதற்கு முன்பே அந்த வருஷம் நாகை கடற்கரை கொதித்துக் கொண்டிருந்தது.

2011 ஜனவரி 22-ம் தேதி, வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் நடுக்கடலில் உயிரிழந்தார். இலங்கை கடற்படையினர் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கொன்றதாக உடன் சென்றவர்கள் கூறினர். அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஜெகதாப்பட்டினத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்திருந்தது. இரண்டு சம்பவங்களிலும் இலங்கை கடற்படை பொறுப்பேற்க மறுத்தது. ட்விட்டரில் தமிழர்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய முதல் பெரிய பிரசாரங்களில் ஒன்று அந்த ஜனவரியில்தான் நடந்தது. தமிழக மீனவர்களுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒரே ஹேஷ்டேக்கில் பதிவிட்டனர்.

பிப்ரவரியில் இந்தப் பகுதி மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் யாழ்ப்பாணம் அருகே பிடிபட்டு, சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர். அதற்கு அடுத்தடுத்து உலகக்கோப்பை தொடங்கியது. ஏப்ரல் 2-ம் தேதி எதிரெதிரே நின்றது இந்தியாவும் இலங்கையும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 13-ம் தேதி சட்டமன்றத் தேர்தல் வேறு.

ஜனவரியிலிருந்து சேர்ந்து வந்த பயத்தோடும் கோபத்தோடும்தான் கடற்கரை அந்த ஃபைனலைப் பார்த்தது. மும்பையில் அது வெறும் மேட்ச். நடுக்கடலில் எதிர்நாட்டுக் கொடியோடு வருவது துப்பாக்கி ஏந்திய படகு என்பதால், இங்கே அந்த மேட்ச்சின் அர்த்தமே வேறாக இருந்தது.

'நம்ம டீம்' என்றால் ஏன் இவ்வளவு உணர்ச்சி?

நாடு என்பது கண்ணால் பார்க்க முடியாத ஒன்று. 140 கோடிப் பேரையும் யாரும் சந்திக்கப் போவதில்லை. ஆனால் நீல ஜெர்சி போட்ட 11 பேரை டிவியில் பார்க்க முடியும். அவர்களின் பெயர் தெரியும், சொந்த ஊர் தெரியும். அதனால் அந்த 11 பேர்தான் நாடு என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தேசியவாதத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் சொல்லும் விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் பெரிய நன்மை இருக்கிறது. சாதி, மதம், மொழி, கட்சி என்று எல்லாவற்றிலும் பிரிந்திருப்பவர்கள் ஒரே டீக்கடையில் நின்று ஒரே சிக்ஸருக்குக் கைதட்டுவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு 'நாம்' என்ற சொல் கொஞ்சம் பெரிசாகிறது.

ஆனால் 'நாம்' என்று சொன்னதுமே 'அவங்க' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான். சர்வதேசப் போட்டிகள் நாடுகளுக்கு இடையே நட்பை வளர்ப்பதை விடப் பகையைத்தான் வளர்க்கின்றன என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945-லேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது முழுக்கச் சரியா?

கொடிகள் ஒன்று சேர்ந்த 3 தருணங்கள்

1. கொழும்பு, 1996

1996 ஜனவரி 31-ம் தேதி கொழும்பு மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகக்கோப்பை தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்பில் ஆட வர மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாகக் கொழும்புக்குப் போய், பிப்ரவரி 13-ல் இலங்கையோடு ஒரு நட்பு மேட்ச் ஆடின. கேப்டன் அசாருதீன். சச்சினும் வாசிம் அக்ரமும் ஒரே டீம்!

2. சேப்பாக்கம், 1999

டெல்லியில் பாகிஸ்தான் ஆடக் கூடாது என்று சொல்லி அங்குள்ள மைதானத்தின் பிட்ச்சை சிவசேனாவினர் தோண்டிப் போட்டனர். முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. முதுகு வலியோடு 136 ரன் அடித்த சச்சின் அவுட் ஆனதும், வெறும் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. சேப்பாக்கம் சில நொடி உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தனர். தமிழ்நாட்டு கிரிக்கெட் ரசிகர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் நாள் அது.

3. மெல்போர்ன், 2005

இது நாகைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையில் 30,000-க்கும் மேல். கடலுக்கு எல்லைக்கோடு தெரியவில்லை. இரண்டு கரையிலும் ஒரே காலையில் ஊர்கள் அழிந்தன.

15 நாள் கழித்து, 2005 ஜனவரி 10-ம் தேதி, சுனாமி நிவாரணத்துக்காக மெல்போர்னில் ஒரு மேட்ச் நடந்தது. கங்குலி தலைமையில் ஆசிய அணி. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேச வீரர்கள் ஒரே ஜெர்சியில் ஆடினர். முத்தையா முரளிதரனும் அதில் இருந்தார். சில நிமிடத் தாமதத்தால் சுனாமியிலிருந்து தப்பியவர் அவர். ஆசிய அணி தோற்றுப் போனது. நிவாரண நிதியாக 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்தது.

இந்த மூன்றிலும் யாரும் தங்கள் நாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர் அணிக்காரரும் மனுஷன்தான் என்பதை மறக்கவும் இல்லை.

எங்கே ஆபத்தாக மாறுகிறது?

தேசப்பற்று மூன்று விதமாகத் தடம் புரளும்.

முதலாவது, சொந்த அணி மீதே பாய்வது. கொழும்பில் நட்பு மேட்ச் நடந்து சரியாக ஒரு மாதம். 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், அரையிறுதி. இலங்கைக்கு எதிராக இந்தியா 120 ரன்னுக்கு 8 விக்கெட் இழந்ததும் ரசிகர்கள் பாட்டில்களை வீசினர், இருக்கைகளுக்குத் தீ வைத்தனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியே நடந்தார். கொலம்பியாவில் இன்னும் மோசம். 1994 கால்பந்து உலகக்கோப்பையில் தவறுதலாகச் சொந்த கோல் போட்ட ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாவது, விசுவாசப் பரீட்சை. 'நீ எந்த டீமுக்குக் கைதட்டுற?' என்ற கேள்வியை வைத்து ஒருவரின் நாட்டுப்பற்றை அளப்பது. 2021 அக்டோபர் 24-ம் தேதி டி20 உலகக்கோப்பையில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றதும், முகமது ஷமியை மட்டும் குறிவைத்து இணையத்தில் வசை பொழிந்தனர். பாகிஸ்தான் வெற்றியைக் கொண்டாடியதாக ஆக்ராவில் படித்த காஷ்மீர் மாணவர்கள் மூன்று பேர் கைது செய்யப்பட்டனர். மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகே ஜாமீன் கிடைத்தது.

மூன்றாவது, வீரரையே அரசாங்கமாகப் பார்ப்பது. ஒரு நாட்டின் அரசு செய்ததற்கு, அந்த நாட்டு ஜெர்சி போட்டவரைத் தண்டிப்பது. 2025 ஆசியக்கோப்பையில் இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுடன் கைகுலுக்காமல் போனது இந்தக் கேள்வியை மறுபடியும் எழுப்பியது. பஹல்காம் தாக்குதலில் பலியானவர்களுக்காக என்றது ஒரு தரப்பு. பந்து வீசியவர் மேல் ஏன் கோபம் என்றது இன்னொரு தரப்பு.

தமிழ்நாட்டுக்கு இந்த மூன்றாவது கேள்வி புதிது கிடையாது. 12 வருஷம் முன்பே இங்கே அது நடந்துவிட்டது.

2012, 2013: தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2009 மே மாதம் முடிந்த இலங்கை இறுதிப்போரில் தமிழர்கள் பெருமளவில் கொல்லப்பட்டது தமிழ்நாட்டில் ஆறாத காயமாக இருந்தது. அந்தக் கோபம் மைதானத்துக்குள் வந்தது இப்படித்தான்:

2012 செப்டம்பர்: சென்னை நேரு மைதானத்தில் நட்பு மேட்ச் ஆட வந்த இலங்கை கால்பந்து அணியை முதல்வர் ஜெயலலிதா அரசு திருப்பி அனுப்பியது. அனுமதி கொடுத்த மைதான அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஆட வந்தவர்கள் பள்ளி மாணவர்கள்.

அதே வாரம்: வேளாங்கண்ணி, பூண்டி மாதா கோயில்களுக்கு வந்திருந்த இலங்கை யாத்ரீகர்களுக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. அவர்கள் ஊர் திரும்பப் போன பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. ஆரோக்கிய மாதாவைக் கும்பிட வந்தவர்கள் பயந்து ஓட வேண்டியதாயிற்று.

2013 பிப்ரவரி: இலங்கை பங்கேற்றால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாது என்று அரசு அறிவித்தது. போட்டி புனேவுக்குப் போனது.

2013 மார்ச் 26: இலங்கை வீரர்கள், நடுவர்கள் யாரும் இல்லையென்றால்தான் தமிழ்நாட்டில் ஐபிஎல் நடத்த அனுமதி என்று பிரதமர் மன்மோகன் சிங்குக்கு ஜெயலலிதா கடிதம் எழுதினார். சென்னை மேட்ச்களில் இலங்கை வீரர்கள் ஆட மாட்டார்கள் என்று ஐபிஎல் நிர்வாகம் அன்றே முடிவெடுத்தது. சென்னையில் நடக்க வேண்டிய பிளே-ஆஃப் மேட்ச்கள் இரண்டும் டெல்லிக்கு மாறின.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் முரளிதரன். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழ்க் குடும்பத்துப் பேரன். சென்னை மருமகன். 2008 முதல் 2010 வரை சிஎஸ்கே மஞ்சள் ஜெர்சியில் சேப்பாக்கத்தில் விசில் வாங்கியவர். 2013-ல் பெங்களூரு அணிக்காரராக அதே சேப்பாக்கத்தில் அவரால் ஆட முடியவில்லை.

இலங்கை அரசுக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று முரளிதரன் மீது தமிழ்நாட்டில் கடும் விமர்சனம் உண்டு. 2020-ல் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகியதும் அதனால்தான். அவர் பேச்சை விமர்சிக்க யாருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் 2013 தடை அவர் பேசியதற்காக வந்தது இல்லை. மலிங்கா, சங்ககாரா, ஜெயவர்த்தனே என்று பாஸ்போர்ட்டில் இலங்கை என்று இருந்த எல்லோருக்கும் சேர்த்து வந்தது.

அப்படியென்றால் புறக்கணிப்பே தவறா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

1974-ல் இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்கு முன்னேறியது. அணியின் தூண்கள் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து, இறுதிப்போட்டியே ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை போனது. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை.

அந்தப் புறக்கணிப்பை வரலாறு சரி என்றே பதிவு செய்திருக்கிறது. காரணங்கள் மூன்று. ஒன்று, தென்னாப்பிரிக்க விளையாட்டுக்குள்ளேயே நிறவெறி இருந்தது. அணியில் யார் ஆடலாம் என்பதையே தோல் நிறம் முடிவு செய்தது. இரண்டு, புறக்கணியுங்கள் என்று கேட்டது பாதிக்கப்பட்ட கறுப்பின மக்களின் சொந்த அமைப்புகள். மூன்று, என்ன மாறினால் தடை நீங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிறவெறிச் சட்டங்கள் விலக்கப்பட்டதும், 21 வருஷம் கழித்து 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி கொல்கத்தாவில் வந்து ஆடியது.

2013 தடையை ஆதரித்தவர்களும் தென்னாப்பிரிக்காவைத்தான் உதாரணம் காட்டினர். இலங்கை அரசுக்கு உலக அளவில் அழுத்தம் தர வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு மாநிலம் மட்டும் தடை போட்டதால், அதே வீரர்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வழக்கம் போல ஆடினர். என்ன நடந்தால் தடை விலகும் என்றும் யாரும் சொல்லவில்லை. பள்ளி மாணவர்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் அரசுக்கும் வித்தியாசம் பார்க்காமல் கோபம் எல்லோர் மேலும் பாய்ந்தது.

கடலுக்கு என்ன கிடைத்தது?

நாகை மீனவர்களின் கேள்வி இதுதான். மைதானத்தில் இவ்வளவு நடந்தும் கடலில் ஏதாவது மாறியதா?

இல்லை. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக, புதுச்சேரி மீனவர்கள் இலங்கை கடற்படையால் கைது செய்யப்பட்டனர். பிடிபட்ட படகுகள் மாதக்கணக்கில் அங்கேயே நின்று வீணாகின்றன. ஒரு விசைப்படகு போனால் பல குடும்பங்களின் பிழைப்பு போகிறது.

ஏனென்றால் பிரச்சினையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோடு, இந்தப் பக்கம் குறைந்துவிட்ட மீன்வளம், கடலின் அடியை வாரும் இழுவலை. அந்தப் பக்கம் வலை விரிப்பவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு தமிழ் மீனவர்கள். போரால் பல வருஷம் கடலுக்குள் இறங்க முடியாமல் இருந்தவர்கள். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் தங்கள் வலையை அறுத்துவிட்டுப் போவதாக அவர்களும் புகார் சொல்கிறார்கள். 2011 பிப்ரவரியில் நாகைப் பகுதி மீனவர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்துக் கொடுத்ததே யாழ்ப்பாண மீனவர்கள்தான். இலங்கை 2017-ல் இழுவலைக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது.

இந்தியா, இலங்கை என்ற இரண்டு ஜெர்சிக்குள் இந்தச் சண்டையை அடைக்க முடியாது. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிற, ஒரே கடலை நம்பியிருக்கிற மக்கள்.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1969-ல் எல் சல்வடோர், ஹோண்டுராஸ் நாடுகள் கால்பந்து தகுதிச்சுற்றில் மோதிய அடுத்த மாதமே போரில் இறங்கின. சுமார் 100 மணி நேரம் சண்டை நடந்தது. 'கால்பந்துப் போர்' என்றே பெயர் வந்துவிட்டது. உண்மையான காரணம் நிலமும், வேலை தேடி எல்லை தாண்டிய ஏழை விவசாயிகளும். மேட்ச் அந்தக் கோபத்துக்கு ஒரு தீக்குச்சியாக மட்டுமே இருந்தது. பெயர் கால்பந்தின் மேல் விழுந்ததால் நிலப் பிரச்சினையைப் பற்றிப் பேச்சே குறைந்துபோனது. பாக் நீரிணைக்கும் அதே ஆபத்து உண்டு. கிரிக்கெட் வீரர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இழுவலையைப் பற்றியோ, மீனவர் பேச்சுவார்த்தையைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை.

இப்போது என்ன நிலைமை?

சேப்பாக்கம் மாறிவிட்டது. 2022-ல் இலங்கையின் மஹீஷ் தீக்ஷனாவை சிஎஸ்கே ஏலத்தில் எடுத்தபோது சமூக வலைதளங்களில் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த வருஷமே தீக்ஷனாவும் பதிரனாவும் ஆடிய சிஎஸ்கே கோப்பையை வென்றது. பதிரனா பந்து வீச ஓடிவந்தால் சேப்பாக்கமே விசிலடித்தது. 2024-ல் யாழ்ப்பாணத்தின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் ஆடினார். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டும் பணி தொடங்கி வைக்கப்பட்டது.

நாகையிலும் ஒரு கதவு திறந்தது. 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைக்குத்தான் அகமதாபாத்தில் இந்தியா - பாகிஸ்தான் உலகக்கோப்பை மேட்ச். அங்கே அவுட் ஆகி நடந்துபோன பாகிஸ்தானின் ரிஸ்வானைப் பார்த்து ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோஷம் போட்டது நாடு முழுக்க விவாதமானது. நாகையிலிருந்து போன கப்பல், சுமார் 110 கிலோமீட்டர் கடலைத் தாண்டி அக்கரையில் ஆட்களை இறக்கியது. இடையில் நின்ற சேவை, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

அடுத்த இந்தியா - இலங்கை மேட்ச்சுக்கும் நாகை, அக்கரைப்பேட்டை வீடுகளில் டிவி ஓடும். இந்தியா ஜெயித்தால் பட்டாசும் வெடிக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை. மேட்ச் முடிந்த மறுநாள் விடியற்காலை கடலுக்குப் போகிறவர், முந்தின நாள் ஸ்கோர் என்ன என்று பயப்படாமல் போகவேண்டும். அதற்கு வேண்டியது இரு நாட்டு அரசுகளும் மீனவர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு. அந்த வேலையை 11 கிரிக்கெட் வீரர்களால் செய்து தர முடியாது.